ஓட்டுக்குள்ளே வந்த கிருமி

தமிழ்நாட்டில் ‘ஆஃப் பாயில்’ கேட்டால் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கரு உடையாமல், மிளகுத்தூள் தூவித் தருவார்கள். சிங்கப்பூர்க் கோப்பிக் கடையில் அதே பெயரைச் சொன்னால் வேறு ஒன்று வரும். கொதிநீரில் ஓட்டோடு சில நிமிடம் கிடந்த இரண்டு முட்டைகள், ஒரு சின்னத் தட்டு, கறுப்புச் சோயா, வெள்ளை மிளகுத்தூள். தட்டினால் பாதி வெந்த வெள்ளைக்கரு வழுக்கிக்கொண்டு விழும். மஞ்சள் கரு ஓடும். அதில் காயா ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். புக்கிட் மேராவில் வளர்ந்த எனக்கு முட்டை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இதைப் பழக்கியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களின் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். துரை வீட்டுக் காலை உணவான ரொட்டி, ஜாம், அரைவேக்காட்டு முட்டையைக் கோப்பிக் கடைக்கு மாற்றினார்கள். ஜாமின் இடத்துக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய காயா வந்தது. இன்று பேரங்காடிகளில் எல்லாம் கிளை வைத்திருக்கும் யா குன் 1944இல் தொடங்கிய கடை.

அந்தக் காலத்தில் இந்த முட்டையைக் கண்டு யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. பயமெல்லாம் டைபாய்டு மீது: தண்ணீர், ஐஸ், பால், சமைப்பவரின் கை. டைபாய்டு கிருமியும் சால்மொனெல்லா குடும்பம்தான். 1885இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் பன்றிகளிடமிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனின் பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டையைப் பொறுத்தவரை ஆபத்து வெளியே, ஓட்டில் ஒட்டிய எச்சத்தில் இருப்பதாகத்தான் நினைத்தார்கள். ஓட்டைக் கழுவு, விரிசல் விட்டதை ஒதுக்கு, அவ்வளவுதான் விதி.

1980களில் இந்த விதி செல்லாமல் போனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுத்தமான, விரிசலே இல்லாத முட்டைகளைச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். காரணம் சால்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை. இது கோழியின் சினைப்பையிலேயே குடியேறிவிடுகிறது. ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே போய்விடுகிறது. கோழி ஆரோக்கியமாகத்தான் இருக்கும், முட்டையிலும் நிறமோ வாசனையோ மாறாது. அப்புறம் ஓட்டைக் கழுவி என்ன பயன்?

இது ஏன் அப்போது பரவியது என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. கோழிகளைக் கொல்லும் வேறு இரண்டு சால்மொனெல்லா வகைகளை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பண்ணைகளிலிருந்து ஒழித்தார்கள். அவை காலி செய்த இடத்தில், கோழியைக் கொல்லாத, மனிதனைப் படுக்கவைக்கும் இந்த வகை வந்து உட்கார்ந்தது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைப்பதை வேலையில் அடிக்கடி பார்ப்பதால், என்னால் இதை எளிதாக நம்ப முடிகிறது. தாய்க்கோழி இனங்களின் உலக வணிகமும் சேர்ந்துதான் கிருமியைப் பரப்பியது என்பது இன்னொரு விளக்கம்.

1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. 1998 முதல் அங்கே சிங்க முத்திரை முட்டைகளுக்காகக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2017இல், அந்த முத்திரை இருந்தால் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அரசு நிறுவனமே அறிவித்தது. சரியாக 30 வருடம்கூட ஆகவில்லை.

இதே காலத்தில் புக்கிட் மேராவிலும் முட்டை மாறியது. என் பாட்டியின் அப்பா அலெக்ஸாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சூளைத் தமிழர்கள் கும்பிட்ட காளியம்மன் 1980களில் டிப்போ சாலைக்கு இடம் மாறினாள். சூளையின் பெயர் ஏபிசி பிரிக்வொர்க்ஸ் உணவங்காடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைய கம்பத்து வீடுகளில் கோழி சாதாரணம். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகு அடுக்குமாடிகள் வேகமாக எழுந்தன, கோழிக்கூடுகள் போயின. இன்று சிங்கப்பூர் ஆண்டுக்கு 200 கோடி முட்டைகளுக்கு மேல் சாப்பிடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளில் உற்பத்தியாகிறது. மீதியில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்து வருகிறது. 2021 மார்ச்சில் சிலாங்கூர்ப் பண்ணை ஒன்றின் முட்டைகளில் என்டரிடிடிஸ் இருப்பது தெரிந்து, சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னது.

போன வருடம் என் அக்கா மகள் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீரில் நல்லெண்ணெய், உளுந்து, முட்டை எல்லாம் இருக்கணும் என்றார் பாட்டி. தினமும் காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, பின்னாலேயே நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலமாம். “நானும் குடிச்சேன், உங்கம்மாவும் குடிச்சா. யாருக்குடா என்ன ஆச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டி குடித்தது 1960களின் தொடக்கத்தில், அன்று காலை கொல்லையில் இட்ட முட்டை. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கிருமி முட்டைக்குள் பெரிதாகக் குடியேறாத காலம் அது. பாட்டியின் அனுபவம் உண்மை. அவர் சொல்லும் முட்டை இப்போது இல்லை, அதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பழைய மதிப்பீட்டின்படி 20,000 முட்டைகளில் ஒன்றில் கிருமி இருக்கலாம். தினமும் இரண்டு சாப்பிடுபவர் அப்படியொரு முட்டையைச் சந்திக்கச் சராசரியாக 27 வருடம் ஆகும். பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 500 முட்டைகளை ஒரே வாளியில் உடைத்தால், 40 வாளிக்கு ஒன்று கெட்டது. அந்த வாளியிலிருந்து சாப்பிடும் எல்லாருக்கும் ஆபத்து. 1994இல் அமெரிக்காவில் பச்சை முட்டைக் கலவை ஏற்றிய டேங்கர் லாரிகளில் பின்னர் ஐஸ்கிரீம் கலவையை ஏற்றியதில் சுமார் 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். பச்சை முட்டை மயோனைசுக்கு 2023 ஜனவரியில் கேரளாவும், 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தமிழ்நாடும் தடை விதித்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கணக்கு வெப்பம். மஞ்சள் கரு கெட்டியாகத் தொடங்குவது சுமார் 65 டிகிரியில். ஆக, அது ஓடுகிறது என்றால் அந்தச் சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். குறைந்த சூட்டிலும் கிருமி சாகும், ஆனால் நேரம் வேண்டும். 57 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கோப்பிக் கடைக் குவளையில் முட்டை கிடப்பதோ ஆறேழு நிமிடம்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தொழிற்சாலையிலேயே கொடுத்து, ஓட்டோடு பாஸ்டுரைஸ் செய்த முட்டைகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. சீரில் அதைத்தான் வைத்தேன். “வெந்நீர்ல குளிச்ச முட்டையா?” என்று பாட்டி சிரித்தார். மருமகள் இரண்டு நாள் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஆம்லெட் கேட்டாள். யாரும் தடுக்கவில்லை.

உண்மையில் நான் கவலைப்பட வேண்டியது அவளை நினைத்து இல்லை. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வேகாத முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பது உணவு அமைப்பின் அறிவுரை. பெரும்பாலானோருக்கு நாலைந்து நாள் காய்ச்சலும் பேதியுமாகப் போவது, இவர்களுக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிக்கு வயது 77, சர்க்கரையும் இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். வீட்டில் இப்போது அவருக்கு முட்டை கெட்டியாகத்தான் வேகிறது. கீழே கோப்பிக் கடையில் என்ன கேட்டு வாங்குகிறார் என்று நான் விசாரிப்பதில்லை.