வேதாளம் யாருடைய சொத்து?

மந்தைவெளிவாசிகளுக்கு லஸ் பக்கத்து நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் மாலை நடையின் ஒரு பகுதி. சென்ற மாதம் அங்கே அம்புலிமாமா இதழ்க் கட்டு ஒன்று கிடைத்தது. எழுபதுகளில் வந்தவை. அட்டைகள் உதிர்ந்துபோயிருந்தன. உள்ளே ஓவியர் சங்கரின் அந்தப் படம் மட்டும் மங்காமல் இருந்தது: கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுடுகாட்டினூடே நடக்கும் விக்கிரமன். இந்தப் படம் இன்று யாருடைய உடைமை என்ற கேள்வி அன்றிரவு எழுந்தது. விடை தேடியபோது, ஓர் இதழின் வாழ்வையும் சாவையும் அதன் எழுத்தைக் காட்டிலும் உடைமைப் பத்திரங்கள் தீர்மானித்த கதை தெரியவந்தது.

1947 ஜூலையில் பி.நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் ஒருசேரத் தொடங்கினர். உடைமை நாகி ரெட்டி குடும்பத்தினுடையது. இதழின் போக்கு சக்ரபாணியுடையது. அச்சகமும் ஓவியர்களும் ஆசிரியர் குழுவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தமையால், பல மொழிப் பதிப்புகளுக்கும் அதே ஓவியங்கள் போதுமானவையாக இருந்தன. எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சிக்கனமே கன்னடம், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று இதழ் விரிய வழி செய்தது.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு விளைவை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. இதழில் பெரும்பாலான கதைகள் எழுதியவர் பெயரின்றியே வெளிவந்தன. தெலுங்குப் பதிப்பை 1980இல் மறையும்வரை பேணிய கொடவட்டிகண்டி குடும்பராவ், தொடர்கதைகளால் சிறுவர்களை மாதம் முழுவதும் காத்திருக்க வைத்த தாசரி சுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்களைத் தமிழ் வாசகர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வேதாளக் கதைகளின் மூலத்தில் இருப்பவை இருபத்தைந்தே. அவை தீர்ந்த பின்னும் பல்லாண்டுகள் வேதாளம் புதிர் போட்டுக்கொண்டிருந்தது என்றால், அவற்றைப் புதிதாகப் புனைந்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? அவர்கள் யார் என்பதை இதழ் சொல்லவில்லை.

1998இல் தொழிலாளர் தகராறு காரணமாக இதழ் நின்றது. மறு ஆண்டில் மும்பை முதலீட்டாளர்களின் பணத்தோடு மீண்டும் வந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 10 கோடி ரூபாய்க்கு 94 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. புதிய உடைமையாளர்களை வில்லன்களாக்குவது எளிது, நியாயமாகாது. பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்தவர்களும் அவர்களே. ஆனால் இதழ் இப்போது வேறு தொழில் செய்யும் நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி. அந்நிறுவனம் அயல்நாட்டுக் கடன்பத்திரங்களைத் திருப்பித்தர இயலாமல் 2013இல் சரிந்தபோது இதழும் நின்றது. 2014இல் நிறுவனத்தைக் கலைக்க மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் இணையதளமும் மறைந்தது. 2019 தொடக்கத்தில், பணமோசடி வழக்கொன்றின் தொடர்பில் சந்தமாமாவின் அறிவுசார் உரிமையை விற்க இருப்பதாகச் செய்தி வந்தது. கதை படிக்காதவர்கள் வாங்கிய கடனுக்கு வேதாளம் ஈடாயிற்று!

இந்தச் சரித்திரத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் தாம் ஆடும் ஆட்டத்தைப் பற்றிக் கூறினார். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் பிறந்தது. அதுவும் கைமாறியது: 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடமும், 1999இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்து பொம்மை வணிகப் பெருநிறுவனமான ஹாஸ்ப்ரோவிடமும் போயிற்று. ஆனால் 2000இல் அதன் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று ஒரு திறந்த உரிமம் வழங்கப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் நிறுவனம் அதை மாற்ற முனைந்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். பலர் சந்தாவை நிறுத்தினர். அந்த மாத முடிவுக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் விட்டுவிட்டது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் உரிமம் இருந்தது. அம்புலிமாமா வாசகர் கையில் இருந்தது பழைய இதழ் மட்டுமே.

நம்மிடமும் ஒரு முன்னுதாரணம் உண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏவி.மெய்யப்பன் அதை விலை பெறாமல் விட்டுக்கொடுக்க, 1949இல் பாரதி எழுத்துகளின் உரிமை அரசின் கைக்கு வந்து, பின்னர் மக்களுடையதாயிற்று. அதன் வழியில் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கதவு பெயருள்ள ஆசிரியருக்கே திறக்கிறது. மரபுரிமையர் வர வேண்டும், பரிவுத்தொகை பெற வேண்டும். பெயரின்றி வெளிவந்த கதைக்கு மரபுரிமையர் என்று யார் வந்து நிற்பார்?

சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன் 2020 செப்டம்பரில் தம் தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நமது பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆகவே, யார் கையில் இருந்தாலும், அவர் ஓவியங்களைச் சுற்றிய வேலி 2080 முடியும்வரை இருக்கும்.

எழுத்தாளரின் மரபுரிமையருக்குத் தொகை கொடுத்து நூலை மீட்கும் அரசு, கலைக்கப்பட்ட நிறுவனத்தின் சொத்துப் பட்டியலிலிருந்து ஓர் இதழை ஏன் மீட்கக் கூடாது? அது பெருந்தொகையும் அன்று. 2007இல் கைமாறிய விலை நம் கண்முன் இருக்கிறது. அதுவரை, நான் வாங்கிவந்த கட்டைப் போன்றவற்றை வீட்டிலும் நூலகத்திலும் கரையான் அரிக்காமல் காப்பதே நம்மால் ஆவது. இதழ்களைப் பைண்டு செய்யக் கொடுத்திருக்கிறேன்.