கண்ணாடிப் பையும் காகிதப் பையும்

தோழர்களே, ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அது எதைத் தடை செய்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாருக்கு விலக்கு கொடுக்கிறது என்றும் பாருங்கள். பிறகு, அந்தச் சட்டத்தில் யார் மீது வழக்கு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. உணவகத்தில் குடித்து மிச்சம் வைத்த ஒயின் பாட்டிலின் கதை அது.

நியூயார்க் மாநிலம் 2004 இல் தன் மதுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. உணவகத்தில் சாப்பிட வந்தவர், வாங்கிய ஒயினில் ஒரு பகுதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு பாட்டில் மட்டும்தான். உணவகத்தார் அதை மறுபடி மூடி, ஒரு முறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய கண்ணாடி போன்ற பையில் வைத்து முத்திரையிட வேண்டும். வழியில் யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். தேதி போட்ட சாப்பாட்டு ரசீதும் கூடவே இருக்க வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? காரில் திறந்த மது பாட்டில் இருக்கக்கூடாது என்று மாநிலங்கள் சட்டம் போட வேண்டும், போடாவிட்டால் சாலை நிதியில் ஒரு பங்கு வேறு பக்கம் திருப்பிவிடப்படும் என்று 1998 இல் மத்திய அரசு அழுத்தம் கொடுத்தது. அப்போது உணவகங்களில் ஒரு சிக்கல் எழுந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒயினை வீணாக்க மனமில்லாமல் ஆட்கள் முழுவதையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவார்கள். அதைவிட மிச்சத்தை மூடி எடுத்துப் போவது நல்லது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேறு பல மாநிலங்களும் இதே வழிக்கு வந்தன.

ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒரு வரையறை ஒளிந்திருக்கிறது. முழுச் சாப்பாடு வாங்கியவருக்குத்தான் இந்தச் சலுகை. எது முழுச் சாப்பாடு? தட்டு, கத்தி, முள்கரண்டி வைத்துச் சாப்பிடுவது. நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வசதியாகச் சாப்பிட முடியாதது. நிறம், இனம், வருமானம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட வசதி உள்ளவரின் பாட்டிலுக்குச் சட்டம் ஒரு பை தைத்துக் கொடுத்துவிட்டது.

அதே நகரத்தில் இன்னொரு பாட்டிலும் இருந்தது. அதன் கதை பழையது.

அடிமை முறை ஒழிந்த 1865 ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் 'கறுப்பர் சட்டங்கள்' கொண்டுவந்தது. வேலை இல்லாமல் திரிவதாகச் சொல்லி விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பிடித்து, அபராதம் கட்ட முடியாதவர்களைக் கூலிக்கு விட்டார்கள். கறுப்பர் சட்டங்கள் போன பிறகும் 'நாடோடித்தனம்' என்ற குற்றம் நாடு முழுக்க நீடித்தது. யாரை வேண்டுமானாலும் பிடிக்க இடம் தருகிறது என்று சொல்லி, 1972 இல் ஜாக்சன்வில் நகரத்தின் அப்படிப்பட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தெருவில் நிற்பவரைப் பிடிக்கப் போலீசுக்கு இருந்த ஒரு பெரிய கருவி கைவிட்டுப் போனது.

அந்த இடத்தை நிரப்பியவற்றில் ஒன்று, தெருவில் திறந்த மது வைத்திருப்பதைக் குற்றமாக்கும் நகராட்சிச் சட்டம். நியூயார்க் நகரம் 1979 இல், எட் காச் மேயராக இருந்தபோது, இதைக் கொண்டுவந்தது. 25 டாலர் வரை அபராதம், அல்லது 5 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் பெற்ற கடைக்கு விலக்கு. அனுமதி வாங்கி நடத்தும் தெரு விழாவுக்கும் விலக்கு. மதிய உணவோடு பீர் குடிக்கும் மின்வாரியத் தொழிலாளிக்குப் போலீஸ் சம்மன் கொடுக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று மன்றத்திலேயே சொன்னார்கள். அப்படியானால் யாருக்குக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள்?

1982 இல் வில்சன், கெல்லிங் என்ற இருவர் 'உடைந்த ஜன்னல்கள்' என்ற கட்டுரையை எழுதினார்கள். பக்கத்து ஊரான நெவார்க்கில் ரோந்து போகும் காவலர் எழுதாத விதிகளை வைத்திருந்ததை அதில் பாராட்டினார்கள். சந்துகளில் குடிக்கலாம், முக்கிய நாற்சந்தியில் கூடாது. பாட்டில் காகிதப் பைக்குள் இருக்க வேண்டும். ஏழையின் பை அது. அதைச் சட்டப் புத்தகம் கொடுக்கவில்லை, ஒரு காவலரின் தயவு கொடுத்தது. 1994 இல் நியூயார்க்கில் இந்தக் கோட்பாடே போலீஸ் கொள்கையானபோது அந்தத் தயவும் போய்விட்டது. பீர் டப்பாவுக்குக் கொடுக்கும் சம்மன், ஆளை நிறுத்திப் பெயர் கேட்கவும் பழைய வாரண்ட் தேடவும் வழியானது.

2012 இல் புரூக்ளின் நீதிபதி நோவாக் டியர் முன்னால் இப்படி ஒரு வழக்கு வந்தது. கோப்பையை முகர்ந்து பார்த்தேன், பீர் வாசனை வந்தது என்பதுதான் காவலரின் சாட்சியம். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதோடு நிற்கவில்லை. புரூக்ளினில் ஒரு மாதம் கொடுக்கப்பட்ட இதே குற்றத்துக்கான சம்மன்களைத் தன் ஊழியர்களை வைத்து எண்ணச் சொன்னார். 85 சதவீதம் கறுப்பின, லத்தீன் மக்களுக்குக் கொடுக்கப்பட்டவை. வெள்ளையருக்கு 4 சதவீதம். அங்கே மக்கள்தொகையில் வெள்ளையர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

சம்மனுக்கு ஆஜராகாவிட்டால் பிடிவாரண்ட். வேலைக்கு லீவு கிடைக்காதவரும், பயந்தவரும் போகவில்லை. வாரண்டுகள் குவிந்தன. 2016 இல் நகர மன்றம் சட்டத்தைத் திருத்தி, பெரும்பாலான சம்மன்களை உரிமையியல் அபராதமாக மாற்ற வழிசெய்தது. 2017 இல் நான்கு மாவட்ட அரசு வழக்கறிஞர்கள், இப்படிச் சில்லறைக் குற்றங்களுக்காகப் பத்தாண்டுக்கு மேல் நிலுவையில் இருந்த சுமார் 6,44,000 வாரண்டுகளை ரத்து செய்ய வைத்தார்கள்.

கார் சட்டம் வேறு, தெருச் சட்டம் வேறு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். வேறுதான். ஒப்பிட வேண்டியது அரசு யோசித்த விதத்தை. உணவக வாடிக்கையாளர் சட்டத்தில் மாட்டுவார் என்றதும் ஒரு பை, ஒரு முத்திரை, ஒரு ரசீது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்தவர் மாட்டியபோது, கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் யாரும் அப்படி யோசிக்கவில்லை.

இது நம் வாசிப்புக்கு அந்நியமானதல்ல. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி 1946 இல் டுபாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார்.

நோவாக் டியர் செய்ததைச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் செய்யலாம். உங்கள் ஊரில் அடிக்கடி வழக்கு பதிவாகும் ஒரு சில்லறைச் சட்டத்தை எடுங்கள். ஒரு பக்கம் தடையை எழுதுங்கள், எதிர்ப்பக்கம் விலக்கை எழுதுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை வழக்கு, எந்தெந்தத் தெருவில் என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

ஜெய் பீம்.