மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்த ஒரு கட்டுரை

மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: 42.195 கிலோமீட்டர் ஓடும் நாளைவிட, அதற்கு முந்தைய மாதங்கள்தான் கஷ்டம். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கத் தோன்றும் விடியற்காலைகளில், யாரோ ஒருவர் ஓடிய கதைதான் பல பேரை எழுப்பிவிடுகிறது. அப்படிக் கைமாறி வந்த ஒரு கதையின் வரலாறு இது.

1977 மார்ச். கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். டெர்ரி ஃபாக்ஸ் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவருக்கு வலது காலில் எலும்புப் புற்றுநோய். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், அவருடைய பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஓர் ஓட்டப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். டிக் ட்ரௌம் என்ற அமெரிக்கரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. விபத்தில் ஒரு காலை இழந்த ட்ரௌம், 1976 நியூயார்க் மாரத்தானைச் செயற்கைக் காலுடன் ஓடி முடித்தவர். அதற்கு அவருக்கு 7 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பரிசு பெறும் நேரம் அல்ல அது. ஆனால் மறுநாள் காலை இழக்கப்போகும் ஓர் இளைஞருக்கு அந்தக் கட்டுரை போதுமானதாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 16 மாதங்கள் கீமோதெரபி. அந்த வார்டுகளில் மற்ற நோயாளிகள் படும் பாட்டை டெர்ரி நேரில் பார்த்தார். தான் பிழைத்துவிட்டோம் என்று சும்மா இருக்க அவரால் முடியவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, கனடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தார். வீட்டில் சொன்னது மட்டும், ஒரு மாரத்தான் ஓடப் பயிற்சி எடுக்கிறேன் என்பதுதான்.

பயிற்சி 14 மாதங்கள் நடந்தது. செயற்கைக் காலின் ஸ்பிரிங் ஒவ்வோர் எட்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரை நல்ல காலால் கூடுதலாக ஒரு குதி குதிக்க வேண்டும். காலில் கொப்புளம், உராய்ந்து புண். 1979-இல் ப்ரின்ஸ் ஜார்ஜ் நகரில் 27 கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடிக் கடைசியாக வந்தார். கூடியிருந்தவர்கள் கண்ணீரோடு கைதட்டினார்கள். அதன் பிறகுதான் வீட்டில் முழுத் திட்டத்தையும் சொன்னார். அம்மா முதலில் கோபப்பட்டார்; பிறகு துணை நின்றார்.

1980 ஏப்ரல் 12 அன்று, கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். நண்பர் ஒருவர் வேன் ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். வழியில், அதே நோயால் காலை இழந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் அவர் பின்னாலேயே வந்தான். மருத்துவமனையில் டெர்ரி படித்த கட்டுரை அவருக்குச் செய்ததை, இப்போது டெர்ரி அந்தச் சிறுவனுக்குச் செய்துகொண்டிருந்தார். அவனுடன் இருந்த நேரத்தைத் தன் பயணத்திலேயே மிகவும் ஊக்கம் தந்ததாக டெர்ரி சொன்னார்.

143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகில் நிறுத்த வேண்டியதாயிற்று. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கனடாக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது; அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில், டெர்ரி காலமானார்.

மறு கரையை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த செப்டம்பரில் நடந்த முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். பின்னாளில் பல நாடுகளில் அந்த ஓட்டம் நடந்தது. நம் சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. டிக் ட்ரௌம் 1983-இல், மாற்றுத்திறனாளிகள் துணையோடு ஓடுவதற்கென்று அக்கிலீஸ் டிராக் கிளப்பைத் தொடங்கினார்.

இத்தனைக்கும் ஆரம்பம், ஒரு பயிற்சியாளர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதுதான். அவர் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தவர். நம் வளாகத்திலும் காலையில் ஓடுபவர்கள், நடப்பவர்கள், சிகிச்சை முடிந்து மெல்ல அடியெடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். லிஃப்டில் பார்க்கும்போது, "எவ்வளவு தூரம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எப்படி ஆரம்பித்தீர்கள்?" என்றும் கேட்டுப் பார்ப்போம். அந்தக் கதைக்காகக் காத்திருப்பவர் அடுத்த மாடியில் இருக்கலாம்.