வீல் என்னும் கால்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணாச்சி, சாமான் ரேக்குக்கு அடியில மாட்ட வீல் வேணும்" என்றால் போதும். "பிக்சடா, சுத்துறதா? நைலானா, பி.யு.வா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அட்டைப்பெட்டியின் மேல் 'காஸ்டர்' என்று அச்சடித்திருக்கும். வாங்குபவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. விற்பவரும் அதிகம் சொல்வதில்லை. கார் ஷெட்டில் பெயிண்ட் டப்பா, ஸ்பேனர் செட், பழைய மோட்டார் என்று எல்லாவற்றையும் ஏற்றிய இரும்பு ரேக்கைச் சுமக்கப்போகிற இந்தச் சின்னப் பொருளுக்குத் தமிழில் பொருத்தமான பெயர் இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீல் தேர்ந்தெடுப்பதிலும் தவறு குறையும் என்பது என் துணிபு.

அந்தப் பெயர் கால்.

திருக்குறளில் 'இடனறிதல்' அதிகாரம், 496-ஆம் குறள். நெடுந்தேர் கடலில் ஓடாது என்று சொல்லவந்த வள்ளுவர், தேரின் வலிய சக்கரத்துக்கு ஆளும் சொல் 'கால்'. செல்வம் ஓரிடத்தில் தங்காது என்பதற்கு நாலடியார் காட்டும் வண்டிச் சக்கரத்தின் பெயர் 'சகடக்கால்'. இவற்றையெல்லாம்விட நம் பொருளுக்கு நெருக்கமான சான்று பட்டினப்பாலையில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தைக் காட்டுகிறார். காயவைத்த தானியத்தைக் கொத்தவரும் கோழியை விரட்ட, பெண்கள் காதில் கிடந்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். குதிரை பூட்டாமல் சிறுவர்கள் கையால் உருட்டிவரும் சிறுதேருக்கு அந்தக் குழை குறுக்கே கிடந்து வழியைத் தடுக்கிறது. அந்தச் சிறுதேருக்குப் புலவர் தரும் அடைமொழி 'முக்கால்'. மூன்று சக்கரம் கொண்டது என்று பொருள். அதற்கு முந்தைய அடியிலேயே பொன்னணிந்த குழந்தையின் பாதத்தையும் 'கால்' என்றே சொல்லியிருக்கிறார். நடக்கிற காலும் உருள்கிற காலும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன.

இரண்டும் ஒரே வேரா? பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, பாதத்தைக் குறிக்கும் காலையும் சக்கரத்தைக் குறிக்கும் காலையும் தனித்தனிப் பதிவாகவே வைக்கிறது. கன்னடத்தில் இன்றும் சக்கரத்துக்குக் 'காலி' என்று பெயர்; முதலெழுத்தை மட்டும் 'காந்தி' என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும். அவர்கள் சக்கர நாற்காலியைச் சொல்வதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். வேர் வேறாகவே இருக்கட்டும். தமிழ்க் காது இரண்டையும் வெகு காலமாக ஒன்றாகவே கேட்டு வந்திருக்கிறது என்பதற்கு உருத்திரங்கண்ணனாரின் அந்த இரண்டு அடிகள் போதும்.

சக்கரத்துக்கு வேறு பெயர்களுக்கும் பஞ்சமில்லை. ஆழி, திகிரி, நேமி, உருள், உருளை என்று நிகண்டு நிறையக் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு 'ஆழி' மார்கழிதோறும் வாயில் புழங்கும் சொல். திருப்பாவையின் 4-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் அதே சொல்லைக் கடலுக்கும் ஆள்கிறாள், திருமால் கைச் சக்கரத்துக்கும் ஆள்கிறாள். திருவாரூர்த் தேர் ஆழித்தேர் என்றே பெயர் பெற்றது. 'சகடம்' என்ற சொல்லும் திருப்பாவையில் உண்டு. கண்ணன் உதைத்த வண்டி அது. சக்கரம் வடமொழி வழி வந்தது. கடைசியில் நிலைத்ததும் அதுதான்.

ஊருக்கு ஊர் வழக்கும் மாறும். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சக்கரம் 'சில்லு'. இங்கே சில்லு என்றால் ஓட்டுத்துண்டு, பிள்ளைகள் கட்டம் போட்டு நொண்டியாடும்போது எறிவது. போர்த்துக்கீசியரின் 'ரோடா' சிங்களத்தில் 'ரோத' ஆகி, தமிழில் 'ரோதை' ஆயிற்று. இலங்கை மலையகத்தில் தேயிலை ஆலை இயந்திரங்களைக் காக்கும் தெய்வமாகத் தொழிலாளர்கள் கும்பிடும் ரோதைமுனிக்குப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். சுழலும் இயந்திரத்தின் அருகே உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள், அந்தச் சக்கரத்தின் பெயராலேயே ஒரு முனியை நிறுத்தி வணங்கினார்கள். ஒரு சொல்லுக்கு இதைவிடக் கனமான வாழ்வு எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்கள் வாயில் 'பைதா' இருந்தது. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் வண்டி என்பது 'பண்டி'. பழந்தமிழிலும் 'பண்டி' உண்டு.

இத்தனைக்கும் நடுவில் 'கால்' ஏன் தேய்ந்தது? அதற்குச் சுமை அதிகம். பாதம், காற்று, பொழுது, வாய்க்கால், நான்கில் ஒன்று என்று எல்லாவற்றுக்கும் அதே சொல். இன்று முக்கால் என்றால் யாருக்கும் மூன்று சக்கரம் நினைவுக்கு வராது, முக்கால் கிலோதான் வரும். குழப்பமில்லாத சக்கரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது; பிறகு மில்லும் லாரியும் வந்தபோது வீல் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆங்கிலக் காஸ்டருக்கும் ஒரு கதை உண்டு. வார்ப்பிரும்பைக் 'காஸ்ட் அயர்ன்' என்பதால், வார்த்துச் செய்த வீல் காஸ்டர் என்று எண்ணத் தோன்றும். அது பொருந்தாது. 'காஸ்ட்' என்ற சொல்லுக்கு எறிதல் என்பதோடு திரும்புதல் என்ற பழம்பொருளும் இருந்தது. அதிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் மேசை நாற்காலிக்கு அடியில் திரும்பும் சின்ன உருளைக்குப் பெயராயிற்று. அமெரிக்காவில் டேவிட் ஃபிஷர் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் 1876-இல் மரச்சாமான் காஸ்டருக்குக் காப்புரிமை பெற்றார். விளக்கெண்ணெய்க்கு வழங்கும் காஸ்டர் ஆயில் என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

திரும்புதல் என்பதன் அருமை தெரிய வேண்டுமானால் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதி முனையில் நிற்க வேண்டும். பெரிய தேரின் சக்கரங்கள் அச்சில் நேராகக் கோத்தவை. முன்னே போகும், பின்னே வரும், பக்கவாட்டில் திரும்பாது. கடைமொழியில் சொன்னால் அத்தனையும் பிக்சட். அதனால் முனை வந்ததும் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, மறுபக்கத்தை வடம் பிடித்து இழுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். உருளும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைச் செருகிவிட்டுக் கையை எடுப்பவரின் கண்பார்வையில்தான் தேரின் ஓட்டமே இருக்கிறது. முன்பு நிலைக்கு வர நாள்கணக்கில் ஆன தேர் அது. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின் வேகம் கூடியது; முட்டுக்கட்டையின் வேலை முடிந்துவிடவில்லை. வேலைக்கு இடைஞ்சல் செய்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று வைகிறோமே, அந்தச் சொல்லுக்கு இது பெரிய அநியாயம். முட்டுக்கட்டை இல்லாவிட்டால் தேர் ஊருக்குள் புகுந்துவிடும்.

காஸ்டர் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்தட்டின் நடுவில் சுழலும் முளைக்கு நேர்கீழே சக்கரத்தின் அச்சு இருக்காது. சற்றே தள்ளி இருக்கும். அந்த விலகல்தான் சூட்சுமம். ரேக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும், பசுவின் பின்னே போகும் கன்றைப்போல, சக்கரம் தானே திரும்பி முளைக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

இதைத் தினமும் பார்ப்பவர்கள் ராஜபாளையத்து மில் தொழிலாளர்கள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து இன்றுவரை, இந்த ஊரின் பிழைப்பு நூற்பில்தான் ஓடுகிறது. கார்டிங் எந்திரத்திலிருந்து கயிறுபோலச் சுருண்டு இறங்கும் பஞ்சுப்பட்டையை, அதாவது ஸ்லைவரை, உயரமான கேன்களில் பிடித்து டிராயிங் எந்திரத்துக்கு உருட்டிப் போவார்கள். கேனுக்கு அடியிலும் காஸ்டர்தான். அங்கே அதற்கு எதிரி எடையல்ல, பஞ்சு. பறக்கும் பஞ்சும் அறுந்த இழையும் சக்கரத்துக்கும் கவைக்கும் நடுவே அச்சில் சுற்றிக்கொண்டு இறுகும். சக்கரம் உருளாமல் தேயும், ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பிளேடால் அறுத்து எடுத்தால் சுருளாக வரும். அதனால் மில்லுக்கென்று அச்சை மூடும் இழைத்தடுப்பு வைத்த வீல் தனியாக உண்டு. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் இடங்களில் வாங்குபவர்களும் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. பஞ்சு பறக்கும் ஊரில் வீட்டு ஷெட்டுக்கும் அது வீண்செலவல்ல.

இப்போது ரேக்குக்கு வருவோம். வீல் என்ற சொல் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. வீல் என்றதும் கடையில் அதைக் கையால் சுழற்றிப் பார்க்கிறோம்; வழவழவென்று ஓடினால் நல்லது என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் சாமான் ரேக் மாதக்கணக்கில் நின்ற இடத்தில் நிற்கும். கூட்டிப் பெருக்கும்போதோ கார் எடுக்கும்போதோ நாலடி நகரும். அது பெரும்பொழுது கால், சிறுபொழுது சக்கரம். காலாகத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடையில் தொடங்குங்கள். ரேக் 60 கிலோ, சாமான் 180 கிலோ என்றால் மொத்தம் 240. நான்கு வீல் இருக்கிறதே என்று நான்கால் வகுக்கக் கூடாது. சிமெண்டுத் தளம் எங்கேயும் மட்டமாக இருப்பதில்லை. ஒரு மூலை சற்றுத் தூக்கியிருக்கும், சுமை மூன்றின் மேல் இறங்கும். மூன்றால் வகுத்தால் 80. ஒவ்வொன்றும் 80 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவதாக இருக்க வேண்டும்.

அடுத்தது விட்டம். பட்டினப்பாலைச் சிறுதேரை ஒரு குழை தடுத்தது. ஷெட்டில் அந்த வேலையைக் கூழாங்கல்லும் தளத்து வெடிப்பும் கதவுத் தண்டவாளமும் செய்யும். 2 அங்குல வீல் இவற்றில் முட்டி நிற்கும், தள்ளினால் ரேக் கவிழப் பார்க்கும். 4 அங்குலம் ஏறிக் கடந்துவிடும். விலை வித்தியாசத்தைப் பார்த்துச் சின்னதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நைலான் மலிவு, நல்ல கடினம், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அசையாது. சிமெண்டுத் தளத்துக்கு அதுவே போதும். டைல்ஸ் என்றால் கீறும், சத்தமும் போடும். ரப்பர் சத்தமில்லாதது, ஆனால் பாரத்தோடு மாதக்கணக்கில் நின்றால் தரையில் படும் இடம் தட்டையாகிவிடும். காலாக நிற்கத் தெரியாத வீல் அது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி.யு. என்கிற பாலியூரித்தேன், நைலானைவிட விலை கூடுதல், ஆனால் தரையையும் கெடுக்காது, நின்றும் பழகும். மேலே ஒற்றைத் திருகு முளை வைத்தது நாற்காலிக்குச் சரி. பாரச் சாமானுக்கு நான்கு போல்ட் அடிக்கும் தட்டு வைத்ததே வேண்டும். சுழலும் தலையில் இரட்டை வரிசை பால்ரஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான்.

ஒடுக்கமான ஷெட்டில் நான்கும் சுற்றுவதாக இருந்தால் எந்தப் பக்கமும் நகர்த்தலாம். நீளமாகத் தள்ளிப்போக வேண்டிய கிட்டங்கிக்கு இரண்டு பிக்சட், இரண்டு சுற்றுவது. இல்லாவிட்டால் வண்டி கோணிக்கொண்டு போகும். சுற்றுகிறவற்றில் இரண்டுக்காவது பிரேக் வேண்டும். பிரேக்கிலும் சக்கரத்தை மட்டும் பிடிப்பது ஒன்று, சக்கரத்தையும் சுழலும் தலையையும் சேர்த்துப் பிடிப்பது இன்னொன்று. கனமான ரேக்குக்கு இரண்டாவதை வாங்குங்கள்.

தமிழில் பெயர் வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கும் அகராதி எழுதுபவர்களுக்கும் நான் முன்வைப்பது 'சுழல்கால்', சுழலாததற்கு 'உருள்கால்'. இரண்டும் சகடக்காலின் வழியில் அமைந்தவை. கடையில் வீல் என்றே கேளுங்கள், அண்ணாச்சிக்கு அதுதான் புரியும். ரேக்கின் மொத்த எடையை மூன்றால் வகுத்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.