ஆப்ரகாம் லிங்கனுக்கே தெரியாத லிங்கன் குடும்பம்: 7 தலைமுறையைத் தேடிக் கண்டுபிடித்த கதை!

உங்க தாத்தாவோட அப்பா பேர் தெரியுமா? சரி, அவரோட அப்பா பேர்? பெரும்பாலானவங்களுக்கு இங்கேயே தடுமாறும். ஆப்ரகாம் லிங்கனுக்கும் இதே நிலைமைதான். தாத்தா பேர் தெரியும். அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் என்பதும் தெரியும். அதுக்கு மேல தகவல் இல்லை. அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆன பிறகும், தன் குடும்பத்தின் ஆரம்பம் எங்கே என்று உறுதியாகத் தெரியாமலேயே 1865-ல் இறந்துபோனார்.

அவர் விட்ட இழையைப் பிறகு வந்தவர்கள் பிடித்தார்கள். எப்படி? காடு திருத்திக் குடியேறிய ஆரம்பகால அமெரிக்கக் குடும்பங்களின் வேரைத் தேடும் எல்லோருக்கும் அந்தக் கதை ஒரு பாடப்புத்தகம் மாதிரி.

முதலில், வம்சாவளி இதுதான்

1. சாமுவேல் லிங்கன்: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நெசவுத்தொழில் பழகிய பையன். 1637-ல் பதின்ம வயதில் கப்பலேறி, மாசசூசெட்ஸில் ஹிங்ஹம் என்ற ஊரில் குடியேறினார்.
2. மோர்டெகாய்: சாமுவேலின் மகன், கொல்லர்.
3. இரண்டாம் மோர்டெகாய்: நியூ ஜெர்சிக்குப் போய், அங்கிருந்து பென்சில்வேனியா சென்றார். 1736-ல் மறைந்தார்.
4. ஜான்: 1768-ல் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தார்.
5. கேப்டன் ஆப்ரகாம்: 1780-களின் தொடக்கத்தில் மலை தாண்டி கென்டக்கிக்குப் போனார்.
6. தாமஸ்: 1816-ல் இண்டியானா, 1830-ல் இல்லினாய்ஸ்.
7. ஆப்ரகாம் லிங்கன்: 1809-ல் கென்டக்கியில் பிறந்தார்.

கவனிச்சீங்களா? தலைமுறைக்கு ஒரு முறையாவது புது நிலம் தேடி இடம் மாறியிருக்காங்க. அதனாலதான் தேடல் இவ்வளவு கஷ்டமாச்சு.

லிங்கனே தேடினார்!

1848-ல் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தார். அப்போ ஹிங்ஹமில் வசித்த சாலமன் லிங்கன் என்பவரோடு குடும்ப வரலாறு பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார். வர்ஜீனியாவில் இருந்த உறவினர் ஒருவருக்கும் எழுதினார். 1859-ல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில் இதன் முடிவையும் சொல்கிறார்: மோர்டெகாய், சாலமன், ஆப்ரகாம் போன்ற பெயர்கள் இரண்டு குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன, அதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையில் அந்தப் பெயர்கள்தான் சரியான துப்பு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் அவங்களுக்கும் உண்டு. ஆனா பெயர் ஒற்றுமை சந்தேகத்தைத்தான் கிளப்பும், நிரூபிக்காது. ஊர்ப் பதிவேடு, உயில், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் அடுக்கி ஒப்பிட்ட பிறகே ஹிங்ஹமுக்கும் பென்சில்வேனியாவுக்கும் பாலம் கிடைத்தது. லிங்கன் மறைந்து பல ஆண்டுகள் கழித்து!

இழை எங்கெல்லாம் அறுபடும்?

பெயர் எழுத்து: 1780-ல் கென்டக்கியில் 400 ஏக்கர் நிலத்துக்கு லிங்கனின் தாத்தா வாங்கிய ஆவணத்தில் பெயர் 'ஆப்ரகாம் லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டார். 'லிங்கன்' என்று மட்டும் தேடினால் இந்த ஆவணம் கண்ணிலேயே படாது.

கவுண்ட்டி எல்லை: கவுண்ட்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. வர்ஜீனியாவில் ஜான் லிங்கன் குடியேறியபோது அவர் நிலம் அகஸ்டா கவுண்ட்டியில் இருந்தது. 1778-ல் அது பிரிந்து ராக்கிங்ஹம் ஆனது. குடும்பம் நகரவே இல்லை, ஆனா பதிவுகள் இரண்டு இடத்தில். லிங்கன் பிறந்த இடமும் அப்படித்தான். அப்போது ஹார்டின் கவுண்ட்டி, இன்று லாரூ கவுண்ட்டி. தேடும் முன் அந்த வருஷத்து வரைபடத்தைப் பார்ப்பது முதல் விதி.

காலண்டர்: பிரிட்டன் காலனிகளில் 1752-க்கு முன்பு வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது. அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் 1731/32 என்று இரண்டு வருஷம் போட்டிருப்பார்கள். இது தெரியாவிட்டால் ஒரு வருஷம் முன்னே பின்னே போய்விடும்.

ஒரு தோட்டாவும் ஒரு சட்டமும்

1786 மே மாதம். கென்டக்கியில் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த கேப்டன் ஆப்ரகாம், பூர்வகுடியினர் நடத்திய தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடியேறிகள் 'காலி நிலம்' என்று நினைத்தது அந்த மக்களின் வேட்டைக்காடு. அதற்கான போர் அப்போது நடந்துகொண்டிருந்தது.

அவர் உயில் எழுதவில்லை. கென்டக்கி அன்று வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அங்கே பழைய ஆங்கிலேயச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே. அந்தச் சட்டத்தை வர்ஜீனியா ஏற்கெனவே ரத்து செய்திருந்தது. ஆனா மாற்றம் அமலுக்கு வந்தது 1787 ஜனவரி 1-ல். அதாவது, சில மாதங்கள் தாமதமாக!

மூத்தவர் மோர்டெகாய்க்குச் சொத்து. மகன்களில் இளையவர் தாமஸுக்கு ஒன்றுமில்லை. அப்போது அவருக்கு 8 வயது. கூலி வேலை, தச்சு வேலை செய்து வளர்ந்தார். பிறகு அவர் வாங்கிய நிலங்களிலும் பட்டா வழக்குகள். கென்டக்கியில் 'அந்த மரம் முதல் இந்த ஓடை வரை' என்று எல்லை எழுதுவார்கள். ஒரே நிலத்துக்கு நாலு பேர் உரிமை கேட்பது சகஜம். இண்டியானாவிலோ மத்திய அரசே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றது. தாமஸ் அங்கே போக முக்கியக் காரணம் இதுதான் என்று மகனே எழுதியிருக்கிறார். ஜனாதிபதி ஏழைக் குடும்பத்தில் பிறந்ததற்கான காரணம் இந்தப் பத்திரங்களில் இருக்கிறது.

அம்மாவின் பெயரில் விழுந்த பழி

லிங்கனின் பெற்றோர் தாமஸ் - நான்சி ஹேங்ஸ் முறைப்படி திருமணம் செய்யவே இல்லை என்று ஒரு வதந்தி நீண்ட காலம் சுற்றியது. குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுண்ட்டியில் தேடியவர்களுக்குத் திருமணப் பதிவு கிடைக்காததால் வதந்திக்குக் கால் முளைத்தது. உண்மையில் கல்யாணம் நடந்தது பக்கத்தில் இருந்த வாஷிங்டன் கவுண்ட்டியில், 1806 ஜூன் 12-ல். லிங்கன் இறந்த பிறகுதான் அந்தப் பதிவு வெளியே வந்தது. தப்பான ஆபீஸில் தேடியதால் ஒரு பெண்ணின் மானமே கேள்விக்குள்ளானது.

நான்சியின் அம்மா யார் என்ற சர்ச்சை இன்னும் நீளம். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வை, அந்தக் குடும்பத்தின் பெண்வழி வாரிசுகளிடம் பரிசோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவு, அவர் லூசி ஹேங்ஸ் என்பவரின் மகள் என்பதை ஆதரித்தது.

எந்த ஆவணம் என்ன சொல்லும்?

* மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: முதல் கணக்கெடுப்பு 1790-ல். 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்து அடிமைப்படுத்தப்படாத அனைவரின் பெயரும் உண்டு. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் போய்விட்டது. பெயர் விவரங்கள் 72 வருஷம் கழித்தே வெளியாகும். கடைசியாக வெளிவந்தது 1950 கணக்கெடுப்பு.
* உயில், நிலப் பத்திரம்: வாரிசுகளையும் உறவுமுறையையும் சேர்த்துச் சொல்பவை. நிலம் விற்கும்போது மனைவியின் சம்மதமும் பதிவாவதால், பெண்களின் பெயர் கிடைக்கும் அரிய இடமும் இதுதான்.
* புரட்சிப் போர் ஓய்வூதியக் கோப்பு: கணவரின் ஓய்வூதியம் கேட்ட விதவைகள், கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்தார்கள். தேடுபவர்களுக்கு இது புதையல்.
* ஹோம்ஸ்டெட் கோப்பு: 1862 சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவர்கள், அங்கே வீடு கட்டி விவசாயம் செய்ததை நிரூபிக்கக் கொடுத்த சாட்சியங்கள்.

இவற்றில் பலவற்றை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பெயரே இல்லாதவர்கள்

லிங்கன் குடும்பத்தின் வர்ஜீனியா கிளையினர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்த மக்களின் வாரிசுகள் இன்று தங்கள் முன்னோரைத் தேடினால்? 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலானவர்களின் பெயர் முதன்முதலில் வருவது 1870 கணக்கெடுப்பில். அதற்கு முன்னே போக, அடிமைப்படுத்தியவர்களின் உயிலையும் சொத்துப் பட்டியலையும்தான் புரட்ட வேண்டும். அங்கே மாடு, கலப்பையோடு ஒரு வரியாக அவர்கள் பெயர் இருக்கும்.

தேட ஆரம்பிக்கிறவங்களுக்கு

இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரத்தை அப்படியே காப்பி பண்ணாதீங்க. ஒரே பெயரில் ஒரே ஊரில் மூணு பேர் இருந்திருப்பாங்க. பிரபலமான முன்னோரிலிருந்து கீழே வராமல், உங்களிடமிருந்து மேலே போங்க. ஒவ்வொரு படிக்கும், 'இவர் இவருடைய மகன்' என்று சொல்லும் ஓர் ஆவணம் கையில் இருக்கணும். இல்லாத இடத்தில் கேள்விக்குறி போட்டுட்டு நிறுத்திக்கோங்க. உறுதியாகத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் லிங்கனும் அப்படித்தான் நிறுத்தினார்.