விசைப்பலகைக்குள் மெய்ம்மயக்கம்

நான் குடியிருக்கும் ஏ.எஸ்.ராவ் நகர், இசிஐஎல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயர் தாங்கிய பகுதி. உள்நாட்டிலேயே உருவான டிடிசி-12 கணினியை 1969-இல் தந்தது அந்நிறுவனம். அத்தகைய இடத்தில் அமர்ந்து ஆய்வேடு எழுதும் எனக்கு, சென்ற மாதம் லினக்ஸைப் புதுப்பித்ததும் ஒரு செயலியில் மட்டும் தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளே விழுந்தன. காரணம் தேடியபோது கிடைத்த வரலாறு இது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டிப் பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. பழைய தட்டச்சுப்பொறி எழுத்தின் வடிவைப் பின்பற்றியது: கொம்பு முன்னே, மெய் பின்னே. தமிழ்99 ஒலியமைப்பைப் பின்பற்றியது. ககரத்தை இருமுறை அழுத்தினால் 'க்க'. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் 'ந்த'. புள்ளி தானே விழும். இலக்கண நூலார் உடனிலை மெய்ம்மயக்கம் என்றதும், வேற்றுநிலையுள் மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேர்வதும் இங்கே விசை விதிகளாயின. மொழியியல் மாணவர்க்கு இதைவிட இனிய பாடம் அரிது.

ஆனால் விசைக்கு ஓர் எழுத்து என்னும் வெறும் பட்டியலால் இது இயலாது. முந்தைய எழுத்தை நினைவில் கொள்ளும் உள்ளீட்டு முறை ஒன்று இடையில் நிற்க வேண்டும். லினக்ஸில் எம்17என், ஐபஸ் போன்றவை அப்பணியைச் செய்கின்றன. அவை நெடுங்காலம் இயங்கியது 1987-இல் வந்த எக்ஸ்11 சாளர முறைமையின்மேல். 2008-இல் தொடங்கிய வேலாண்டு, ஒரு செயலியின் விசையழுத்தத்தை மற்றொன்று ஒட்டுக்கேட்க விடாது. பாதுகாப்புக்கு நல்லதே. எனினும் உள்ளீட்டு முறையின் தொழிலே இடையில் நின்று கேட்பதுதானே! அதற்கெனப் புதிய நெறிமுறைகள் எழுதப்பட்டன. அவற்றின் வெவ்வேறு பதிப்புகளை வெவ்வேறு மேசைத்தளங்களும் செயலிகளும் ஏற்றன. பொருந்தாத இடத்தில் தமிழ் நின்றுபோகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இது தெரியவே தெரியாது.

2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, குனோமின் எக்ஸ்11 அமர்வைக் கைவிட்டது. அதே மாதம் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிந்தது. பழைய கணினியோடு லினக்ஸுக்கு வரும் மாணவர், திரும்பிச் செல்லப் பழைய அமர்வு இல்லாத நேரத்தில் வருகிறார்.

சீன, ஜப்பானியப் பயனர்களின் முறையீடுகளால் பல குறைகள் தீர்ந்துள்ளன. அப்பயன் நமக்கும் கிடைக்கிறது. நாமோ பட்டிகளை மொழிபெயர்ப்பதிலும் கலைச்சொல் விவாதத்திலும் காட்டிய ஊக்கத்தை வழு அறிக்கை எழுதுவதில் காட்டவில்லை என்பது என் கருத்து. நானும் இம்மாதந்தான் முதல் அறிக்கையை எழுதினேன்.

தமிழ்99 பயன்படுத்துவோர் உங்கள் லினக்ஸ் செயலிகளில் 'பந்து' என்று தட்டிப் பாருங்கள். சரியாக வராவிட்டால் செயலியின் பெயரையும் பதிப்பெண்ணையும் கீழே இடுங்கள். தொகுத்து அனுப்புகிறேன்.