வயலுக்கு முன் நாற்றங்கால்: தென்காசி வட்டாரத்தில் நூற்புழு மேலாண்மை

சிற்றாற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பகுதிக் கிணற்றுத் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய், புளியங்குடியில் எலுமிச்சை எனத் தென்காசி மாவட்டத்தில் விளையும் பயிர்கள் பல. இவை அனைத்தின் வேரையும் ஏதேனும் ஒரு நூற்புழு தாக்கக்கூடும். நூற்புழு என்றதும் வயலுக்கு என்ன மருந்து இடுவது என்று கேட்பதே வழக்கம். அதற்கு முன்பே, நாற்றும் கன்றும் உருவாகும் இடத்தில் மேலாண்மை தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்பருவம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. வேர் நுனி வழியே நுழைந்து ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களைப் பெருக்கவைத்து உணவெடுக்கிறது. பெண்புழு ஆணின் துணையின்றியே பசைப்பொதிக்குள் சில நூறு முட்டைகள் இடும். வெப்ப மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். ஆயினும் தானாக நகர்ந்தால் ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் தாண்டுவதே அரிது. ஊர்விட்டு ஊர் செல்ல அதற்கு நாற்றோ, கன்றோ, ஒட்டிய மண்ணோ, ஓடும் நீரோ வேண்டும்.

நம் பகுதி வரலாறும் இதையே காட்டுகிறது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு, விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை விதித்த பிறகும் அம்மலையை விட்டு நீங்கவில்லை. வாழையின் துளைப்பான் நூற்புழு 1966-இல் பாலக்காட்டுப் பகுதியில் பதிவானது. அது பரவ முதன்மை வழி கிழங்குக் கன்று. செங்கோட்டைக் கணவாய் வழியே கேரளத்தோடு இடைவிடாது வணிகம் நடக்கும் தென்காசிக்கு இது எச்சரிக்கை. திண்டுக்கல் ஆயக்குடியின் கொய்யாத் தோட்டங்களில் புதிய வேர்முடிச்சு இனம் 2016-இல் பதிவானதும் மறக்கத்தக்கதன்று.

மருந்தை நம்பியிருப்பது மேலும் கடினமாகிவிட்டது. மண்ணில் இடும் ஃபோரேட் மருந்து 2020 முடிவோடு தடைசெய்யப்பட்டது. எதிர்ப்புத் திறன் கொண்ட தக்காளி இரகங்களிலும் முழு நம்பிக்கை வைக்க இயலாது. அவற்றிலுள்ள 'மி' மரபணு, மண்வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செயலிழக்கிறது. ஆலங்குளத்துக் கோடையில் அவ்வெப்பம் இயல்பானது.

ஏற்கெனவே புழு குடியேறிய நிலத்துக்குச் சுத்தமான நாற்று என்ன பயன் தரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அங்கே கோடை உழவு, செண்டுமல்லி, சணப்பை, வேப்பம் புண்ணாக்கு ஆகியவை தேவை. நஞ்சையில் நெல்லோடு சுழற்சி செய்தால் காய்கறிகளைத் தாக்கும் இனம் குறையும். ஆனால் நெல்லுக்கும் தனி வேர்முடிச்சு இனம் உண்டு. இவையெல்லாம் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர வேரோடு ஒழிப்பதில்லை. பருவந்தோறும் புதிய நாற்றோடு புழுவும் வந்து சேர்ந்தால் அக்குறைவும் நிலைக்காது.

வாழைக்கன்றின் கிழங்கைச் சீவிச் செந்நிறப் புண்களை நீக்குவதும், 50 முதல் 55 டிகிரி வெந்நீரில் சுமார் 20 நிமிடம் வைப்பதும் விவசாயியே செய்யக்கூடியவை. தக்காளி நாற்றில் முடிச்சு முற்றியிருந்தால் வேரைக் கழுவிப் பார்த்தே அறியலாம். எலுமிச்சையின் நூற்புழுவோ முடிச்சு உண்டாக்காது. மரம் மெல்ல நலிந்த பின்னரே ஐயம் எழும். கன்று வாங்குபவர் கண்ணால் காண முடியாததை அவரே சோதித்துக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. எனவே வேரையும் மண்ணையும் ஆய்வகத்தில் சோதித்துச் சான்று தரும் பொறுப்பு நாற்றுப்பண்ணைக்கும், அதற்கு உரிமம் வழங்கும் துறைக்குமே உரியது.